எல்ஜினில் ஆப்பிள் பறிக்கப் பிள்ளைகளை அழைத்துப் போவது எப்படி?

கேப் டவுனுக்குப் புதிதாக வந்து வார இறுதித் தமிழ் வகுப்பில் கற்பிக்கத் தொடங்கியவர்களுக்கும், அங்கே பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் இந்தக் குறிப்புகள். தென்னாப்பிரிக்காவில் இலையுதிர் காலம் மார்ச் முதல் மே வரை. நம் கணக்கில் பங்குனியும் சித்திரையும். புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும் ஆப்பிள் மரம் மாசியில் முதல் பழத்தைத் தந்து வைகாசிக்குள் ஓய்ந்துவிடும். ஊர் நினைவில் "ஆப்பிளா, அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டால் மரத்தில் பூதான் இருக்கும்.

ஆப்பிள் அதிகம் விளையும் இடங்கள் மூன்று: எல்ஜின்-கிராபோ பள்ளத்தாக்கு, சீரெஸ், கிழக்கே லாங்க்ளூஃப். கேப் டவுனிலிருந்து ஒரே நாளில் பிள்ளைகளோடு போய்த் திரும்ப எல்ஜின்தான் சரி. என்2 நெடுஞ்சாலையில் சாமர்செட் வெஸ்டைத் தாண்டி, சர் லோரிஸ் பாஸ் மலையேற்றம் முடிந்ததும் பள்ளத்தாக்கு தொடங்கிவிடும். ஏறத்தாழ 70 கி.மீ.; ரைலண்ட்ஸ், கேட்ஸ்வில் பக்கமிருந்து சிற்றுந்தில் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சீரெஸ் போக ஏறக்குறைய இரு மடங்கு தொலைவு. சின்னப் பிள்ளைகள் திரும்பும் வழியில் அழுது தீர்த்துவிடுவார்கள்.

எந்த வாரம்?

எல்லாரும் தவறுகிற இடம் இது. முதலில் எல்லாருக்கும் தோதான ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிட்டு, பிறகு தோட்டத்தைத் தேடுவார்கள். அந்தச் சனிக்கிழமை இரண்டு ரகங்களுக்கு இடைப்பட்ட வாரமாக அமைந்தால், பறித்து முடிந்த வெறும் மரங்களையோ இன்னும் பழுக்காத காயையோதான் பார்த்துவிட்டு வர வேண்டும். எந்த ரகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேதி அதன் பின்னால் தானே வரும்.

மேற்குக் கேப்பில் ராயல் காலா பெரும்பாலும் பிப்ரவரியில் பறிபடும். கோல்டன் டெலிஷஸ் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. கிரானி ஸ்மித் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். ஃபூஜியும் கிட்டத்தட்ட அப்போதுதான். கடைசியாக வருவது பிங்க் லேடி: ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை. தோட்டக்காரர் அதையே கிரிப்ஸ் பிங்க் என்று சொன்னால் குழம்ப வேண்டாம். மரம் ஒன்றுதான், பிங்க் லேடி என்பது விற்பனைப் பெயர். கோடையின் சூட்டைப் பொறுத்து எல்லாமே ஒரு வாரம், பத்து நாள் முன்னே பின்னே போகும்.

பிள்ளைகளின் கைக்கு எது தோது? கோல்டன் டெலிஷஸ் ருசிதான், ஆனால் மெல்லிய தோல். பதித்த விரல் ஒவ்வொன்றும் மறுநாள் பழுப்புத் தடமாகத் தெரியும். கிரானி ஸ்மித் கெட்டியான பழம், முரட்டுக் கையையும் தாங்கும். ஆனால் பழுத்தாலும் பச்சையாகவே இருப்பதால், சிவப்பு ஆப்பிளை எதிர்பார்த்து வரும் ஆறு வயதுப் பிள்ளை ஏமாந்து போகும். பிங்க் லேடி கெட்டியும் உண்டு, நிறமும் உண்டு. எங்கள் தேர்வு அதுதான். ஒரே குறை, மே பிறந்தால் கேப் பகுதியின் மழைக்காலம் நெருங்கிவிடும். எனவே ஏப்ரல் மூன்றாம் வாரத்தைக் குறி வைத்து, ஒரு வாரம் தள்ளி மாற்றுத் தேதி ஒன்றையும் தோட்டத்தோடு பேசி வையுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. பெரிய வெள்ளியும் அடுத்து வரும் குடும்ப தினமும் சேர்ந்த நீண்ட விடுமுறையில் சர் லோரிஸ் பாஸில் வண்டிகள் நகராது. ஏப்ரல் 27 சுதந்திர தினமும் மே 1 தொழிலாளர் தினமும் சனி, ஞாயிறை ஒட்டி வரும் ஆண்டுகளில் அதே கதிதான். கோயிலில் காவடி என்றைக்கு என்று குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

தோட்டத்தோடு பேசும்போது

எல்ஜினில் உள்ள தோட்டங்களில் பெரும்பாலானவை பழத்தைப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் சாலைக்கும் ஏற்றுமதிக்கும் விளைவிப்பவை. வெளியாட்களை மரத்தருகே விடமாட்டார்கள். பார்வையாளர் தாமே பறித்துக்கொள்ள அனுமதிக்கும் தோட்டங்கள் சிலவே. அவற்றிலும் குழுவாக வருவதென்றால் முன்பதிவு கட்டாயம். மூன்று நான்கு வாரம் முன்பே அழைத்துவிடுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது பறிப்புக் காலத்தில் வீண். எல்லாரும் வயலில் இருப்பார்கள். காலை ஏழு மணிக்கு முன்போ மதிய உணவு வேளையிலோ தொலைபேசியில் பேசுவது நல்லது.

கேட்க வேண்டியவை இவை. அந்த வாரம் எந்த ரகம் திறந்திருக்கும்? கட்டணம் தலைக்கா, பைக்கா, கிலோவுக்கா? தலைக்கு என்றால் கூட வரும் பெரியவர்களுக்கும் உண்டா? கழிப்பறை எத்தனை, மரங்களிலிருந்து எவ்வளவு தூரம்? பேருந்து திரும்ப இடம் இருக்கிறதா? கை கழுவக் குழாயும் குடிநீரும் உண்டா? கடைசியாக மருந்து அடித்தது என்றைக்கு? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் இடைவெளி உண்டு. நல்ல தோட்டக்காரர் குறிப்பேட்டைப் பார்த்துத் தேதியோடு சொல்வார்.

கட்டண முறையைத் தெளிவாக்காமல் போனால் பணத்தில் இடிக்கும். நடுத்தர ஆப்பிள் ஒன்று ஏறத்தாழ 150 கிராம். கிலோவுக்கு ஆறேழு பழம். பிள்ளைக்கு 2 கிலோ என்றால் 13 பழம். 30 பிள்ளைக்கு 60 கிலோ. தடுக்காமல் விட்டால் பத்து வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் 2 கிலோவைத் தாண்டிவிடும். கிலோ கணக்குத் தோட்டத்தில் எடைபோடும் இடத்துக்கு வந்த பிறகு பழத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. "ஒரு பை, பை நிறைந்தால் நிறுத்து" என்ற ஏற்பாடுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.

வண்டி, ஆள், படிவம்

குவாண்டம் சிற்றுந்து எடுத்தாலும் பெரிய பேருந்து எடுத்தாலும் ஒரு பிள்ளைக்கு ஓர் இருக்கை. மடியில் உட்காரவைத்துக் கணக்கைச் சமாளிக்கக் கூடாது. ஓட்டுநரிடம் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி இருக்கிறதா, வண்டிக்கு இயக்க உரிமம் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். பக்கி என்ற சிறு சரக்கு வண்டியின் பின்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கி ஏற்றிச் செல்வது 2017 மே மாதத்திலிருந்து சட்டப்படி தடை. "கிட்டத்தில்தானே" என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்தை ஒட்டிய என்2 பகுதியில் எதற்காகவும் வண்டியை ஓரம் கட்டக் கூடாது. வாந்தி வரும் பிள்ளை இருந்தால் பையைக் கையில் கொடுத்து முன் இருக்கையில் வையுங்கள்.

ஐந்து முதல் ஏழு வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். எட்டு வயதும் அதற்கு மேலும் என்றால் எட்டுப் பிள்ளைக்கு ஒருவர். இதற்கு வெளியே, எந்தக் குழுவிலும் சேராத ஒரு பெரியவர் வேண்டும். கழிப்பறைக்கு அழைத்துப் போவது, மருந்துப் பெட்டியை வைத்திருப்பது, தோட்டக்காரரோடு பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த ஆள் இல்லாமல் போனால், ஒரு பிள்ளை "டீச்சர், அவசரம்" என்றதும் ஒரு குழு ஆளில்லாமல் நிற்கும்.

பெற்றோர் சம்மதப் படிவத்தில் பெயர், இரு தொலைபேசி எண்கள், மருத்துவக் காப்பீடு இருந்தால் அதன் எண், ஒவ்வாமை, ஆஸ்துமா, அன்றாட மருந்து ஆகியவை இருக்க வேண்டும். தேனீக் கடி ஒவ்வாமை உண்டா என்று தனி வரியாகவே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பெற்றோர் சாப்பாட்டை மட்டும் நினைத்து "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். படம் எடுத்துக் குழுவில் போடச் சம்மதமா என்பதும் தனி வரி. தனிநபர் தகவல் காப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகளின் படத்துக்கும் அது பொருந்தும். படிவங்கள் தாளில், வண்டியிலேயே இருக்கட்டும். மர வரிசைகளுக்கு நடுவே தொலைபேசித் தொடர்பு வரும், போகும்.

உடுப்பும் பையும்

எல்ஜினில் காலையில் குளிரும், சில நாள் மூடுபனியும் இருக்கும். பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒரே தடித்த சட்டையைவிடக் கழற்றக்கூடிய இரண்டு மெல்லிய சட்டைகள் மேல். தொப்பி, வெயில் களிம்பு, மூடிய காலணி வேண்டும். செருப்பு போட்டு வந்த பிள்ளையை வரிசைக்குள் விடக் கூடாது. புல் பனியில் நனைந்திருக்கும், கீழே அழுகிய பழத்தில் தேனீ இருக்கும். மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருந்தால் திரும்பும் பயணம் சுகம்.

பழம் எடுக்க ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சப்பையே போதும். கெட்டித் துணி, அகலமான அடி, இரண்டு கைப்பிடி. அடியில் இரண்டு மடிப்புச் செய்தித்தாள் போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை காம்பு குத்திக் கிழியும். முதுகுப் பையில் போட்டால் பிள்ளை ஓடும் ஒவ்வொரு அடியிலும் பழம் ஒன்றோடொன்று மோதும். வீட்டுக்குப் போய்த் திறந்தால் எல்லாம் கன்றியிருக்கும். பையில் பெயரைத் தமிழில் எழுதிவரச் சொல்லுங்கள். வகுப்புக்கு அதுவே வீட்டுப்பாடம்.

சாப்பாட்டுக்கு மரக்கறி மட்டும் என்று வைத்துவிட்டால் பேச்சே இல்லை. பங்குனி, சித்திரையில் விரதம் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், உருளைக்கிழங்குக் கறி சுருட்டிய ரொட்டி. தாளிப்பில் வேர்க்கடலை வேண்டாம், ஒவ்வாமை. சாதத்தை விடியற்காலையில் வடித்து, நன்றாக ஆறவிட்டு, பனிக்கட்டிப் பையோடு பெட்டியில் வையுங்கள். முந்தின இரவு வடித்து அடுப்பங்கரையில் கிடந்த சாதம் மதியம் வயிற்றைக் கலக்கும். தயிர்ச் சாதத்தைச் சூடான வண்டியில் வைத்துவிட்டு மறந்தாலும் அப்படித்தான். பள்ளத்தாக்கிலும் மலைப்பாதையின் காட்சிமுனையிலும் பபூன் குரங்குகள் வரக்கூடும். அங்கே வண்டியை நிறுத்திச் சாப்பாட்டைத் திறக்க வேண்டாம்.

அன்றைய நேரம்

எட்டு மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். அப்படியென்றால் ஏழரைக்குக் கூடுங்கள் என்று சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு அந்த அரைமணி அவசியம். ஒன்பதேகாலுக்குச் சேர்ந்ததும் முதலில் கழிப்பறை, கை கழுவுதல், ஒரு பிஸ்கட், தண்ணீர். ஒன்பதே முக்காலுக்கு மரத்தடியில் பறிக்கும் முறை. பத்து மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பறிப்பு. அதற்கு மேல் பிள்ளைகள் பறிக்கமாட்டார்கள், எறிவார்கள். பதினொரு மணிக்குப் பழுத்ததா என்று பார்க்கும் சோதனைகள், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குப் புறப்பாடு. டிராக்டர் வண்டிச் சவாரி உண்டென்றால் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எல்லாரும் உட்கார்ந்து, கையைப் பக்கப் பலகைக்குள் வைத்திருக்க வேண்டும். டிராக்டர் முழுதாக நின்ற பிறகே இறங்கலாம்.

பறிக்கும் கை

ஆப்பிளை இழுத்துப் பறிக்கக் கூடாது. பழம் ஒரு குட்டையான, சுருக்கம் விழுந்த கணுவிலிருந்து தொங்கும். அந்தக் கணுவில்தான் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டும் இருக்கிறது. போன கோடையிலேயே உருவாகிவிட்ட மொட்டு. பழத்தைக் கீழ்நோக்கி இழுத்தால் கணுவும் சேர்ந்து ஒடிந்து வரும். அந்த இடத்தில் அடுத்த ஆண்டு காய்ப்பு இருக்காது. தோட்டக்காரர் குழுக்களை விரும்பாததற்கு இதுவே முதல் காரணம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை:

1. உள்ளங்கையைக் கிண்ணமாக்கிப் பழத்தின் அடியில் கொடுங்கள். விரல் நுனியால் அழுத்த வேண்டாம்.
2. ஆட்காட்டி விரலை மெல்ல மேலே கொண்டுபோய்க் காம்பும் கணுவும் சேரும் இடத்தில் வையுங்கள்.
3. பழத்தைத் தலைகீழாகக் கவிழ்ப்பதுபோல மேல்நோக்கி உயர்த்துங்கள். உயர்த்தும்போதே சற்றுத் திருப்புங்கள்.
4. பழுத்ததானால் காம்போடு "டக்" என்று கழன்று வரும். வரவில்லையா, விட்டுவிடுங்கள். அது இன்னும் தயாராகவில்லை.
5. பையின் அடிவரை கையைக் கொண்டுபோய்ப் பழத்தை வையுங்கள். மேலிருந்து போட வேண்டாம்.

காம்பு பழத்தோடு வர வேண்டும் என்பது அழகுக்காக அல்ல. காம்பு பிடுங்கிய குழியில் தோல் கிழிந்து, அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். காம்பில்லாத பழத்தைத் தனியாக வைத்து முதலில் தின்றுவிட வேண்டும்.

ஒரே கணுவில் இரண்டு மூன்று பழம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு கை போதாது. பறிக்கும் பழம் ஒரு கையில், அண்டைப் பழம் மறு கையில். இல்லாவிட்டால் ஒன்றைப் பறிக்கும்போது மற்றது தரையில் விழும். விழுந்த பழம் பைக்குள் போகக் கூடாது. வரிசைகளுக்குள் ஆடும் மற்ற விலங்குகளும் நடமாடியிருக்கலாம். எச்சம் பட்ட பழத்தைக் கழுவினால் போதும் என்று நம்ப முடியாது. சாற்றுக்கென்று தோட்டக்காரரே தனிப்பெட்டி வைத்திருந்தால் அதில் போடலாம்.

கீழ்க்கிளையிலிருந்து மேலே போங்கள். மேலே தொடங்கினால் தோளும் பையும் கீழ்ப்பழங்களைத் தட்டிவிடும். வெளிப்பக்கம், வெயில் படும் பக்கப் பழம் முதலில் பழுக்கும். உள்ளே நிழலில் இருப்பது பிந்தும். புதிய தோட்டங்களில் மரங்களை நெருக்கமாக நட்டுக் கம்பிகளில் கட்டி வளர்த்திருப்பார்கள். கம்பியில் ஏறுவதும் தொங்குவதும் கூடாது. ஏணியைப் பெரியவர்களும் தொடாமல் இருப்பது நல்லது. எட்டாத பழத்தைத் தோட்டத்து வேலையாட்களுக்கு விட்டுவிடுங்கள்.

அழுத்தினால் என்ன ஆகும் என்பதை வாயால் சொன்னால் நிற்காது, காட்டினால் நிற்கும். வந்தவுடன் ஒரே மரத்திலிருந்து இரண்டு பழம் பறித்து, ஒன்றைக் கட்டைவிரலால் ஓரிடத்தில் நன்றாக அழுத்திப் பேனாவால் வட்டமிடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டையும் வெட்டினால் அழுத்திய இடத்தில் தோலுக்கடியில் பழுப்பு படர்ந்திருக்கும். உடைந்த திசுவில் இருக்கும் நொதியும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. இதைப் பார்த்த பிள்ளை பையைத் தரையில் வீசாது.

பழுத்ததா என்று பார்க்க

சிவப்பை நம்பாதீர்கள். சிவப்பு வெயில் தருவது. பழுத்ததைக் காட்டுவது சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறம். காம்புக் குழியருகே பார்த்தால் தெரியும். அது புல்பச்சையிலிருந்து இளமஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். கிரானி ஸ்மித்தில் இந்த வழி அவ்வளவாகப் பயன்படாது. அங்கே விதையைப் பார்க்கலாம். வெள்ளை விதை காய், பழுப்பு விதை முற்றியது.

தோட்டக்காரர்கள் தாமே செய்யும் சோதனை ஒன்று உண்டு, வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. காயில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகும். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகும், சர்க்கரையில் ஆகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் டிங்சர் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, தெளிப்புக் குப்பியில் ஊற்றி எடுத்துப் போங்கள். பழத்தைக் காம்புக்குக் குறுக்கே, நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டு முகத்தில் தெளித்து இரண்டு நிமிடம் விடுங்கள். முகம் முழுதும் கறுத்தால் காய். நடுவில் வெள்ளை விரிந்து வெளிவட்டம் மட்டும் கறுத்தால் பறிக்கும் பருவம். கறையே இல்லையென்றால் நன்றாகப் பழுத்துவிட்டது. இன்றைக்கே தின்ன ருசி, ஆனால் மாதக்கணக்கில் வைத்திருக்க ஆகாது. பேக்கிங் சாலைக்குப் போகும் பழத்தைச் சற்று முன்பே பறிப்பது ஏன் என்று பெரிய பிள்ளைகளைக் கேளுங்கள். விடை அந்தக் கறையில்தான் இருக்கிறது.

தெளிப்பதும் வெட்டுவதும் பெரியவர் வேலை. கையுறை போடுங்கள், சட்டையில் பட்டால் போகாது. சோதித்த துண்டை யாரும் தின்னாமல் உடனே ஒரு குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும்.

குறுக்கே வெட்டும்போதே இன்னொன்றும் காட்டலாம். நடுவில் ஐந்து அறை, ஓர் அறைக்கு வழக்கமாக இரண்டு விதை; நிறைவாக மகரந்தம் சேர்ந்த பழத்தில் பத்து. ஒருபக்கம் சப்பையாக இருக்கும் பழத்தை வெட்டினால் பெரும்பாலும் அந்தப் பக்கத்து அறை காலியாக இருக்கும். பூக்காலத்தில் தோட்டக்காரர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு வாங்கி வைப்பது இதற்காகத்தான். பிள்ளைகள் விதையைச் சேர்த்துக்கொண்டு "வீட்டில் நடுவோம்" என்பார்கள். நடட்டும், ஆனால் பிங்க் லேடி விதையிலிருந்து பிங்க் லேடி வராது. ஒவ்வொரு மரமும் ஒட்டுச்செடி. மண்ணுக்குச் சற்று மேலே தண்டு தடித்து வளைந்திருக்கும் ஒட்டுமுடிச்சைத் தேடச் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

வகுப்புக்கென்று தனிப் பயிற்சித்தாள் அச்சடிக்க வேண்டாம், காற்றில் பறக்கும். காம்பு, கணு, தோல், சதை, விதை, மொட்டு என்று ஆறு சொல் போதும். தொட்டுக் காட்டிச் சொன்னால் வாயில் நிற்கும். பறித்ததைத் தமிழில் எண்ணிப் பையில் போடச் சொல்லுங்கள். பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை தடுமாறும் பிள்ளைக்கு 13 பழம் கச்சிதமான பயிற்சி. வரலாறு வேண்டுமென்றால் ஒரு வரி: கேப்பில் முதல் ஆப்பிள் பறித்த செய்தி, அங்கே முதல் டச்சுத் தளபதியாக இருந்த யான் வான் ரீபெக்கின் நாட்குறிப்பில் 1662 ஏப்ரல் 17 என்ற தேதியில் இருக்கிறது. நீங்கள் போவதும் அதே ஏப்ரலில்.

தொடக்கூடாதவை

கிளையில் கட்டியிருக்கும் வண்ணக் கம்பி, நாடா, சிறு குழாய்களைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருள் என்று பிடுங்குவார்கள். அவை காட்லிங் அந்துப்பூச்சியின் ஆண் பெண்ணைத் தேடிவராமல் குழப்ப வைத்த வாசனைக் கருவிகள். பழத்துக்குள் இருக்கும் புழு அந்தப் பூச்சியின் பிள்ளைதான். மஞ்சள் வாளி போலத் தொங்குவது பழ ஈப் பொறி. உள்ளே இருப்பது கைபடக் கூடாத இரை மருந்து. தரையில் ஓடும் சொட்டுநீர்க் குழாயை மிதித்தால் முனை உடையும். அதன் நீர் அணையிலிருந்து வருவது, குடிக்கக் கூடாது. தோட்டத்து அணைகளுக்குப் பெரும்பாலும் வேலி இருக்காது, கரை சறுக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பக்கம் ஒரு குழுவும் போகக் கூடாது.

இலையுதிர் காலத்தில் தேனீயும் குளவியும் மரத்தில் அல்ல, தரையில் அழுகிக் கிடக்கும் பழத்தில் மொய்க்கும். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். திறந்த குளிர்பானக் குப்பிக்குள்ளும் குளவி நுழையும். மூடியுள்ள தண்ணீர்க் குப்பியே நல்லது. தேனீ கொட்டினால் கொடுக்கை நகத்தாலோ அட்டையின் ஓரத்தாலோ உடனே சுரண்டி எடுத்துவிட்டுக் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி வைத்திருக்கும் பிள்ளைக்கு அதைப் போட்டுவிட்டு 112 அல்லது 10177 எண்ணை அழையுங்கள். கிராபோவில் அரசு மருத்துவ மையம் உண்டு. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் சாமர்செட் வெஸ்டில் உள்ள ஹெல்டர்பெர்க்.

பாம்பைப் பற்றி அளவோடு சொன்னால் போதும். பஃப் ஆடர் என்ற தடித்த பாம்பு விரியன் இனம். காலடி ஓசைக்கு ஓடாமல் அசையாது கிடப்பதே அதன் ஆபத்து. புல் வெட்டாத வரிசை, கல் குவியல், மரப்பெட்டிகளின் அடி ஆகிய இடங்களில் கையோ காலோ விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். பிள்ளையை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பக்கத்து வரிசையில் வேலையாட்கள் பறித்துக்கொண்டிருப்பார்கள். இது அவர்களுக்கு ஆண்டின் மிகக் கடினமான மாதம். பல இடங்களில் பறித்த அளவுக்கே கூலி. ஒரு மரப்பெட்டி ஏறத்தாழ 350 கிலோ கொள்ளும். அதன் வழியில் நிற்பதும் பெட்டியில் ஏறுவதும் அவர்கள் நேரத்தைத் தின்பது. பிள்ளைகள் வணக்கம் சொல்லட்டும். படம் எடுப்பதானால் முதலில் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பையை வண்டியின் சூடான பின்பகுதியில் இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். வந்தவுடன் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரியுங்கள். கன்றியது, காம்பில்லாதது, கீறல் விழுந்தது எல்லாம் இந்த வாரமே தின்ன வேண்டியவை. மற்றவை கழுவாமல், துளையிட்ட பையில் போட்டுக் குளிர்பெட்டியின் காய்கறி அறையில். பிங்க் லேடியும் கிரானி ஸ்மித்தும் ஆறு வாரத்துக்கு மேலும் மொறுமொறுப்பாக இருக்கும். தின்னும்போது மட்டும் கழுவினால் போதும். ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும், அதனால் கீரை, கேரட், வாழைப்பழத்தோடு ஒரே பையில் வைக்காதீர்கள். கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும்.

கிரானி ஸ்மித் வாங்கிவந்தால் மாங்காய் இல்லாத குறை தீரும். ஒரு கிலோவைத் தோலோடு சிறு துண்டாக நறுக்கி, 50 கிராம் உப்பும் ஒரு தேக்கரண்டி மஞ்சளும் பிசிறி ஒரு மணி நேரம் வைத்து, விடும் நீரை வடித்துவிடுங்கள். 150 மி.லி. நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகு 40 கிராம் மிளகாய்த்தூளும் ஒரு தேக்கரண்டி வறுத்த வெந்தயத் தூளும் சேருங்கள். சூட்டிலேயே போட்டால் தூள் கருகிக் கசக்கும். துண்டுகளைப் போட்டுப் புரட்டி, இரண்டு எலுமிச்சையின் சாறு பிழியுங்கள். மாங்காயின் புளிப்பு ஆப்பிளுக்குக் கிடையாது. அதனால் ஆவக்காய் போல வெளியே ஆண்டுக்கணக்கில் நிற்காது. கண்ணாடிச் சீசாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.